எத்தனையில், யாரை வைத்து?

2020 மார்ச் முதல் வாரம். செய்தி அறையில் எனக்கு இரவுப் பணி. ஏஜென்சியிலிருந்து வந்த ஒரு செய்தியில், உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ் அதானோம் கெப்ரேயெசஸ் சொன்ன கணக்கு இருந்தது. உலக அளவில் பதிவான கோவிட் நோயாளிகளில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். திரையின் அடியில் ஓடும் வரிக்கு அதைச் சுருக்கித் தர வேண்டியது என் வேலை. நாலைந்து சொற்களுக்கு மேல் இடம் கிடையாது. 'கொரோனா இறப்பு விகிதம் 3.4%' என்று போட்டேன். 'பதிவான' என்ற சொல்லை வெட்டியது நான்தான்.

காலையில் வீட்டுக்கு வந்தபோது அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. திரையில் ஓடிய என் வரியைக் காட்டிக் கேட்டார்: "மூணு புள்ளி நாலு, சரி. எத்தனையிலம்மா?"

எனக்குப் புரிந்தது. நோய் வந்த எல்லோரிலுமா, சோதனை செய்து பதிவான ஆட்களிலா? லேசான காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்து எழுந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களையும் சேர்த்தால் கீழே இருக்கும் எண் பெருகும், விகிதம் குறையும். நான் வெட்டிய ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது. "இடம் பத்தலைப்பா" என்றேன். "இடம் பத்தலைன்னா எண்ணைப் போடாத, சொல்லைப் போடு" என்றார்.

அந்த மூன்று வருடங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாள் நினைத்திருக்கிறேன். பெருந்தொற்றை நம்பாதவர்கள், ஊடகத்தை நம்பாதவர்கள், இனப் பாகுபாடு பற்றிய பேச்சை நம்பாதவர்கள் என்று பல வகைச் சந்தேகக்காரர்களை அப்போது பார்த்தோம். என் வீட்டில் ஒருவர் இருந்தார். இன்னொரு விதத்தில் நானும் ஒருத்தி. எங்கள் இருவரின் சந்தேகமும் எங்கே சரியாகப் போனது, எங்கே சறுக்கியது என்பதை முடிந்தவரை உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் பக்கம். செய்தி அறையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியும், அவர் சந்தேகப்பட்டதில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. அந்த மார்ச் 28-ஆம் தேதி உலக சுகாதார அமைப்பு தன் ட்விட்டர் பக்கத்தில், கோவிட் காற்றில் பரவும் நோய் இல்லை என்று, 'உண்மை' என்ற முத்திரையோடு பதிவிட்டது. அதை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஜூலையில் 239 விஞ்ஞானிகள், காற்று வழிப் பரவலைக் கவனியுங்கள் என்று திறந்த மடல் எழுதினார்கள். அதையும் மொழிபெயர்த்தேன். இடைப்பட்ட மாதங்களில் மக்கள் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அறியாத ஒன்றை அறியவில்லை என்று சொல்லியிருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள். 'உண்மை' என்று முத்திரை குத்தியதுதான் பின்னால் எல்லாவற்றையும் நம்ப மறுப்பதற்கு இடம் கொடுத்தது.

அந்த வருடம் மே மாதம் 22-ஆம் தேதி 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்ற பிரமாண்டமான தரவு. கோவிட்டுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து தரப்பட்ட நோயாளிகள் அதிகமாக இறக்கிறார்கள் என்றது முடிவு. மூன்றே நாளில் உலக சுகாதார அமைப்பு அந்த மருந்தைப் பற்றிய தன் சோதனையை நிறுத்தி வைத்தது. தரவைத் தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் மூலப் பதிவுகளைச் சரிபார்க்கக் கொடுக்கவில்லை. ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அப்பாவுக்கு இது பெரிய விருந்து. "வவுச்சர் இல்லாம தொண்ணூத்தாறாயிரம் பேரு!" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதற்கடுத்து நடந்ததும் முக்கியம். அந்த மருந்து உண்மையிலேயே பயன்படுமா என்று பிரிட்டனின் 'ரெக்கவரி' சோதனை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. உயிரைக் காப்பாற்றுவதில் பலன் இல்லை என்று அடுத்த நாளே, ஜூன் 5-ஆம் தேதி, அறிவித்தது. கட்டுரை போலி என்பதால் மருந்து நல்லதாகிவிடவில்லை. அப்பா முதல் செய்தியை எல்லோருக்கும் அனுப்பினார், இரண்டாவதை அனுப்பவில்லை. நான் கேட்டேன். "அது வேற விஷயம்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அங்கிருந்துதான் அவருடைய சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. உண்மையில் அதற்கு முன்பே ஏப்ரலில் அதன் முளை இருந்தது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பகுதியில் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள், தொற்று வந்து போனதைக் காட்டும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடினார்கள். 3,330 பேரில் 50 பேருக்கு இருந்தது. அதை விரித்துக் கணக்கிட்டு, பதிவானதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் தொற்று இருக்கலாம், ஆகவே இறப்பு விகிதம் மிகக் குறைவு என்றார்கள். அப்பா துள்ளிக் குதித்தார். "நான் கேட்டேனே, எத்தனையிலன்னு! பாரு, பதில்!"

இந்த முறை நான் தணிக்கை செய்தேன். கலந்துகொண்டவர்கள் ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து வந்தவர்கள். ஏற்கெனவே காய்ச்சல் கண்டு, சோதனை கிடைக்காமல் தவித்தவர்கள்தான் இப்படிப்பட்ட இடத்துக்கு முண்டியடித்து வருவார்கள். அடுத்தது, அந்தச் சோதனைக் கருவி நூறு பேரில் ஒருவருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று காட்டினாலே 3,330-இல் 33 பேர் அப்படி வந்துவிடுவார்கள். மிஞ்சுவது 17. "எத்தனையிலன்னு கேட்டீங்க, சரி. யாரை வெச்சு அளந்தாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'யாரை வைத்து - சரியான கேள்வி' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அப்பா எதையும் பென்சிலில்தான் எழுதுவார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் செய்தி வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளும் நடமாடின. எத்தனையில்? யாரை வைத்து? யார் கேட்டாலும் கற்றுக்கொடுக்கத் தயங்காத ஒரே பாடம் எனக்கு இதுதான். செய்தி உங்கள் எண்ணத்துக்குப் பொருந்தி வரும்போது இரண்டாவது கேள்வி வாயில் வரவே வராது. அதனால் மகிழ்ச்சி தருகிற செய்திக்கு மட்டும் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கமாகிவிட்டது.

ஆகஸ்ட் 12 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரிட்டனின் கோவிட் மரண எண்ணிக்கை அன்று 46,706-லிருந்து 41,329-ஆகக் குறைந்தது. 5,377 பேர் பட்டியலிலிருந்து போய்விட்டார்கள். அதுவரை இங்கிலாந்தில், ஒருவருக்கு என்றோ கோவிட் வந்திருந்து, பின்னால் எதனால் இறந்தாலும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அன்று முதல், சோதனையில் உறுதியாகி 28 நாட்களுக்குள் இறந்தால் மட்டும் கணக்கு. "செத்தவங்க எந்திரிச்சு வந்துட்டாங்க" என்றார் அப்பா. அவர் சொன்னதில் கோபம் இருந்தது, விளையாட்டு இல்லை. இத்தனை நாள் இந்த எண்ணைப் பார்த்துத்தானே மக்கள் பயந்தார்கள் என்றார். எல்லா நாட்டு எண்ணும் ஊதியதுதான் என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டார்.

அந்த முடிவு தவறு என்று தெரிய எங்களுக்கு 2022 மே 5 வரை ஆனது. எதனால் இறந்தார் என்ற தகராறையே விட்டுவிட்டு, வழக்கமாக ஒரு வருடத்தில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. அதன்படி 2020, 2021 இரண்டு வருடத்திலும் சேர்த்து உலகில் சுமார் 1.49 கோடி கூடுதல் மரணங்கள் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. நாடுகள் கோவிட் மரணம் என்று அறிவித்திருந்தது சுமார் 54 லட்சம். இந்த மதிப்பீட்டின் முறையை ஏற்காத அரசுகளும் உண்டு, இந்திய அரசு உட்பட. இருந்தாலும் சந்தேகப்பட வேண்டிய திசை மாறிப்போனது. அப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "பதிவேடு சரியா இல்லாத இடத்துல கணக்கு எப்பவும் குறைவாத்தான் காட்டும். இதை நான் யோசிச்சிருக்கணும்" என்றார். முப்பது வருட அனுபவத்தில் அவருக்குத் தெரிந்த விஷயம்தான் அது.

பள்ளிகளை மூடி வைத்தது பற்றி அவர் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். அந்தக் குழந்தைகள் இழந்ததற்கு எந்த நாட்டுத் திரையிலும் தினசரி எண் ஓடவில்லை. நோயாளி எண்ணிக்கையைப் போல அதற்கும் ஒரு வரி ஓடியிருந்தால் முடிவுகள் வேறு மாதிரி போயிருக்குமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி என் பக்கம்.

முதல் சில வாரங்கள் நான் 'வூஹான் வைரஸ்' என்றே எழுதினேன். வரிக்குள் அடங்கும், வாசகருக்கும் புரியும். நோய்க்கு ஊர்ப் பெயரும் நாட்டுப் பெயரும் வைக்காதீர்கள் என்று 2015-லேயே உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தது. 2020 பிப்ரவரி 11-ஆம் தேதி 'கோவிட்-19' என்று பெயரும் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் பத்து நாள் போல நான் பழைய பெயரை விடவில்லை. யாராவது குறை சொன்னால், இதெல்லாம் மேற்கத்தியர்களின் நாகரிகப் பேச்சு, ஊர்ப் பெயர் ஊர்ப் பெயர்தானே என்று வாதாடியிருக்கிறேன். 1918-இல் வந்த காய்ச்சலுக்கு 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பெயர் வந்தது எதனால் என்று தெரிந்தும் அப்படிப் பேசினேன். முதல் உலகப் போரில் சண்டையிட்ட நாடுகள் தங்கள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. ஸ்பெயின் நடுநிலை நாடு, அதன் பத்திரிகைகள் தங்கள் அரசருக்கே காய்ச்சல் வந்ததை எழுதின. உள்ளதை எழுதிய நாட்டின் தலையில் பெயர் விழுந்தது.

நூறு வருடம் கழித்து 2021 நவம்பரில் அதுவே திரும்ப நடந்தது. ஒமிக்ரான் வகையைக் கண்டு உலகத்துக்குச் சொன்னவர்கள் தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா விஞ்ஞானிகள். சொன்ன ஓரிரு நாளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளிலிருந்து விமானங்கள் வரக் கூடாது என்று பணக்கார நாடுகள் தடை போட்டன. அப்புறம் பார்த்தால், நெதர்லாந்தில் நவம்பர் 19-ஆம் தேதி எடுத்த மாதிரியிலேயே ஒமிக்ரான் இருந்தது. அறிவிப்பு வந்ததோ 24-ஆம் தேதி.

படங்களில் செய்த தவறு இன்னும் மோசம். செய்தி அறையில் 'கோப்புப் படம்' என்று ஒரு சேமிப்பு உண்டு. உடனடியாகப் படம் கிடைக்காதபோது அதிலிருந்து எடுப்போம். எந்த நாட்டில் தொற்று என்று செய்தி வந்தாலும், முகக்கவசம் அணிந்த கிழக்காசிய முகத்தைத்தான் கை தானாகத் தேடியது. அமெரிக்காவைப் பற்றிய செய்திகளுக்கும் அதே படம். நியூயார்க்கில் பரவிய வைரஸ் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று சில வாரங்களிலேயே மரபணு ஆய்வுகள் காட்டின. சீனாவிலிருந்து வருபவர்களுக்கு பிப்ரவரி தொடக்கத்திலேயே அமெரிக்கா தடை போட்டுவிட்டது. ஐரோப்பாவுக்குத் தடை வந்தது மார்ச் பாதியில். கண்ணுக்கு எதிரே இருந்த வாசலைப் பார்க்காமல் விட்டதற்கு, நாங்கள் திரும்பத் திரும்பக் காட்டிய முகமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆசிய முகம் கொண்டவர்கள் அமெரிக்காவில் அடி வாங்கினார்கள். 2020 ஏப்ரலில் சீனாவின் குவாங்சோ நகரில் ஆப்பிரிக்கர்களை வாடகை வீட்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் வெளியே தள்ளினார்கள். இந்தியாவின் வடகிழக்கு மாநிலத்தவர்களைப் பிற நகரங்களில் 'கொரோனா' என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் பழி சுமந்தவர் வேறு, ஆனால் சுமத்துகிறவர்களின் பேச்சு ஒன்றுபோலவே இருந்தது. இதையெல்லாம் தனித்தனிச் செய்தியாக நான் மொழிபெயர்த்திருக்கிறேன். தொடர்புபடுத்திப் பார்த்ததில்லை.

2020 மே மாதம் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வயதைச் சமன் செய்து பார்த்தால், வெள்ளையர்களைவிடக் கறுப்பினத்தவர் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். அதற்குச் சில வாரம் முன்பு, அங்கே கோவிட்டால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் பத்து மருத்துவர்களும் சிறுபான்மை இனத்தவர்கள். எங்கள் மூத்த ஆசிரியர் ஒருவர், "இது அவங்க ஊர் அரசியல், நம்ம வாசகருக்கு இதுல என்ன இருக்கு" என்றார். எனக்கும் அதுவே எண்ணம். 'இனம்' என்ற சொல் வந்தாலே, யாரோ ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டு எண் தேடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். உள் பக்கத்தில் நாலு வரி போட்டோம்.

அந்த அறிக்கையைப் பின்னால் முழுதாகப் படித்தேன். வசிக்கும் இடம், பொருளாதார நிலை, வீட்டு அமைப்பு, ஏற்கெனவே இருந்த உடல்நலம் போன்றவற்றையும் கணக்கில் எடுத்தால் நான்கு மடங்கு 1.9 மடங்காகக் குறைகிறது. இரண்டு எண்ணும் ஒரே அறிக்கையில் இருக்கிறது. பாகுபாடே முழுக் காரணம் என்றவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்தார்கள். பாகுபாடே கிடையாது என்றவர்கள் இரண்டாவதை எடுத்து, பாருங்கள் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது என்றார்கள். காணாமல் போன பாதி எங்கே போனது? நெரிசலான வீட்டுக்கும், வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்கும் போனது. ஒருவர் ஏன் அந்த வீட்டிலும் அந்த வேலையிலும் இருக்கிறார் என்ற கேள்வி அங்கே ஆரம்பிக்கிறது. மரபணுதான் காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அடுத்த அலையில் கறுப்பினத்தவருக்கான இடைவெளி வெகுவாகச் சுருங்கி, வங்கதேச, பாகிஸ்தான் வம்சாவளியினருக்குப் பெரிதாக நீடித்தது. ஆறு மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறாது. இவ்வளவையும் அன்றே நான்கு பத்தியில் எழுதியிருக்க முடியும்.

டிசம்பர் மாதம் இன்னொன்று வந்தது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதிய சிறு கடிதம். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றியது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தையும் எடுத்துச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏஜென்சி செய்தியாக அது என் திரைக்கு வந்தது. தலைப்பில் 'இனம்' என்ற சொல்லைப் பார்த்தேன். இந்த மாதத்துக்கு இப்படி ஒன்று ஏற்கெனவே போட்டாயிற்று என்று நினைத்தேன். நகர்த்திவிட்டு அடுத்ததற்குப் போனேன். மொத்தம் பத்து நொடி ஆகியிருக்கும்.

2021-இல் டெல்டா பரவிய மாதங்களில் அப்பாவுக்குத் தொற்று வந்தது. மருத்துவமனையில் இடம் கிடைப்பது அரிது. போனில் பேசிய மருத்துவர், 94-க்குக் கீழே போனால் கூப்பிடுங்கள், அதுவரை வீட்டில் இருங்கள் என்றார். மணிக்கு ஒரு தடவை அப்பாவின் விரலில் கருவியை மாட்டினோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கறுத்த தோல், அப்பாவுக்கு இன்னும் கறுப்பு. சிவப்பு வெளிச்சம் நகத்தின் ஓரம் கசியும். எண் கொஞ்சம் துள்ளிவிட்டு நிற்கும். 95. 95. 94. 95.

மூன்றாம் நாள் மாலை அவர் குளியலறைக்குப் போய்விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்து பாதியில் நிறுத்தி மூச்சு எடுத்தார். "முடியலம்மா" என்றார். நான் கருவியை மாட்டினேன். 95. "ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கு, பயம்தான்" என்றேன். எல்லா எண்ணையும் கேள்வி கேட்ட அந்த மனிதரும் அதைப் பார்த்துத் தலையாட்டினார். இரவு இரண்டு மணிக்கு உதடு நிறம் மாறுவதைப் பார்த்தேன். அப்போதும் கருவியில் 93. மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 86.

பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இன்று நன்றாக இருக்கிறார், படியேறும்போது மட்டும் நடுவில் நின்றுவிட்டு ஏறுவார். கருவி அவருக்கு ஏன் அதிகமாகக் காட்டியது என்பதற்குத் தோலின் நிறத்தை மட்டும் நான் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய விரல் சில்லென்று இருந்தது, கருவியும் அவசரத்தில் கிடைத்த ஒன்று. ஆனால் 95 என்பது 95-தானா என்று கேட்பதற்கு வேண்டிய தகவல் ஐந்து மாதம் முன்பே என் கையில் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னக் கருவியைப் பற்றித் தேடிப் படித்தேன். சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு வெளிச்சத்தை விரலுக்குள் அனுப்பி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் முறை. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ ஆவோயாகி கண்ட வழி. உலகமே அதை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். தோலின் கறுப்பு நிறமியும் அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கும். எந்த அளவு உறிஞ்சலுக்கு எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்பதை, ஆரோக்கியமான ஆட்களிடம் அளந்துதான் கருவிக்குள் எழுதுகிறார்கள். யாரிடம் அளந்தார்கள்? அமெரிக்காவின் 2013-ஆம் வருட வழிகாட்டுதலின்படி, சோதனைக்கு வருபவர்களில் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், இதில் எது அதிகமோ அத்தனை பேர் கறுத்த தோல் உடையவர்களாக இருந்தால் போதும். கறுத்த தோலில் பிழை கூடுகிறது என்று 1990-லேயே மருத்துவ ஆய்வு வந்திருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது 2021 பிப்ரவரியில். 2022-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், இந்தப் பிழையால் கறுப்பின, ஹிஸ்பானிக் கோவிட் நோயாளிகளுக்குச் சிகிச்சை தேவை என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது என்று காட்டினார்கள். ஆசியர்களுக்கும் கருவி அதிகமாகக் காட்டியது என்றது அதே ஆய்வு.

யாரும் யாரையும் வெறுத்துச் செய்த காரியமாக எனக்கு இது தெரியவில்லை. அளந்தபோது நம்மைப் போன்றவர்கள் அந்த அறையில் போதிய அளவு இல்லை, அவ்வளவுதான். இனம் பற்றிய பேச்சை வெறும் அரசியல் என்று ஒதுக்கிய எனக்கு, அது ஒரு வெளிச்சம் தோலுக்குள் போகும் கணக்காகவும் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

வீட்டில் அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் சிலவற்றைச் செய்யலாம். உடம்பு நன்றாக இருக்கும் நாளிலேயே நாலைந்து தடவை பார்த்து, உங்கள் வழக்கமான எண் என்ன என்று எழுதி வையுங்கள். கை சூடாக இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம், கையை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே தளர்த்தி வைத்து, ஆடாமல் உட்கார்ந்து எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். தனி ஒரு எண்ணைவிட அது இறங்குகிற போக்கு முக்கியம். மூச்சு வாங்குகிறது, பேச முடியவில்லை, உதடோ முகமோ நீலம் பாய்கிறது, குழப்பமாகப் பேசுகிறார் என்றால் எண் என்ன சொன்னாலும் சரி, மருத்துவரிடம் போய்விடுங்கள். கறுத்த தோல் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, தமனி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் என் மேசையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு செய்தியைத் தள்ளிவிடும்போது ஏன் தள்ளினேன் என்று ஒரு வரி எழுதி வைப்பேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்ப்பேன். 'ஆதாரம் போதாது' என்று இருந்தால் சரி. 'இந்த வகைச் செய்தி அலுத்துவிட்டது' என்ற பொருளில் ஏதாவது இருந்தால், அந்தச் செய்தியை எடுத்து முழுதாகப் படிக்கிறேன்.

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் அறையைச் சுத்தம் செய்தேன். கட்டிலுக்கு அடியில் அவருடைய நீள நோட்டு கிடந்தது. தணிக்கைக்காரர் அல்லவா, அந்த மூன்று நாளும் மணிக்கு மணி கணக்கு எழுதியிருந்தார். இடது பக்கம் நேரம், நடுவில் எண். நான் அன்றாடம் எட்டிப் பார்த்து மருத்துவருக்குப் போனில் வாசித்தது அந்த நடுப் பத்தியைத்தான். வலது ஓரத்தில், கோட்டைத் தாண்டி, பென்சிலில் சின்னதாக அவர் எழுதியிருந்ததை அன்றுதான் பார்த்தேன். முதல் நாள் 95-க்கு நேராக 'சுமார்'. இரண்டாம் நாள் 94-க்கு நேராக 'நடந்தால் மூச்சு'. மூன்றாம் நாள் மாலை ஆறு மணி, 95. அதற்கு நேராக, 'நம்பவில்லை'.